ஜவ்வு ஆபரேஷன் முடிந்து பத்து வாரம், வலி இல்லை: கபடிக்கு எப்போது இறங்கலாம்?

கேள்வி கேட்ட தம்பி காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம். வயது 23, எடை 70 கிலோ, ஊர் டீமில் ரைடர். ரைடு போய்த் திரும்பும்போது கால் மண்ணில் மாட்டி முட்டி திருகிக்கொண்டது, முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து வைக்கும் ஏசிஎல் ஜவ்வு முழுசாக அறுந்து, ஐப்பசியில் ஆபரேஷன். பின்தொடையிலிருந்து தசைநார் எடுத்து வைத்திருக்கிறார்கள். இப்போது மார்கழி, பத்து வாரம் ஆகிறது. வலி போய்விட்டது, நடை வந்துவிட்டது, தினமும் போகக் காசும் நேரமும் இல்லை, அதனால் பிசியோ போவதை நிறுத்திவிட்டார். அப்பத்தா காலை ஆட்டாதே என்கிறார். ஜிம் நண்பர்கள் ஸ்குவாட் போடு, மெஷினில் உட்கார்ந்து காலை நீட்டித் தூக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் பக்கமே போகாதே என்கிறார்கள். சித்திரையில் ஊர்த் திருவிழாப் போட்டி வருகிறது, ஆடலாமா என்று கேட்கிறார்.

நான் இந்தப் பக்கத்தில் பிசியோதெரபி பார்ப்பவன், இதே கேள்வி வேறு வேறு முகத்தில் அடிக்கடி வரும். முதலில் நேரடிப் பதில்: சித்திரை வேண்டாம். ஒன்பது மாதம் ஆகட்டும், ஆடி பிறந்த பிறகு பேசலாம், அதுவும் இரண்டு காலையும் வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகு. ஜிம்முக்குப் போகலாம், போயே ஆக வேண்டும். லெக் எக்ஸ்டென்ஷனும் போடலாம், அதற்கு முறை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

தம்பி, உங்கள் முட்டிக்குள் இப்போது என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அறுந்த ஜவ்வை யாரும் தைக்கவில்லை. பின்தொடைத் தசைநாரை உருவி, மடித்து, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளை போட்டு, அதற்குள் இழுத்து ஸ்க்ரூவோ பட்டனோ வைத்துப் பிடித்திருக்கிறார்கள். இப்படி எடுத்து வைத்த தசைநாரைத்தான் கிராஃப்ட் என்கிறோம். எடுத்து வைத்த நாளில் அந்த கிராஃப்ட் நல்ல முரட்டு வலுவோடுதான் இருக்கும். ஆனால் ரத்த ஓட்டம் கிடையாதே. அதில் இருந்த பழைய செல்கள் மடிந்து, உடம்பு புது ரத்தக் குழாய்களை அனுப்பி, புது செல்கள் குடியேறி, நார்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கட்டும். பிடுங்கி நட்ட நாற்று முதலில் பழுத்துத் துவண்டு, வேர் பிடித்த பிறகுதானே பச்சை கட்டுகிறது, அதே கதைதான். அந்தத் துவண்ட காலம் ஏறக்குறைய ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை, அதாவது நீங்கள் இருக்கும் இடம். முழுசாகப் பக்குவப்பட ஒரு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இதில் எதுவும் உங்களுக்கு வலியாகத் தெரியாது. வலி குறைவாக இருக்கும் நேரமும் கிராஃப்ட் பலவீனமாக இருக்கும் நேரமும் ஒன்றாக வந்து விழுவதால்தான் மூன்றாம் மாதத்தை நான் பயந்து பார்க்கிறேன். முதல் வாரத்தில் யாரும் ஓடிப் போய்க் கெடுத்துக்கொள்வதில்லை, எழுந்து நிற்கவே முடியாது. இப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது குதிப்பார்கள்.

இங்கே தை மாதம் வேறு வருகிறது. சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போவதாக இருந்தால் மேடையில் இடம் கிடைத்தால் போங்கள். அங்கே தொழுவிலிருந்து வரும் மாடு மட்டும் இல்லை, கட்டுமாடுகளை வயல்வெளியில் அவிழ்த்துவிடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். மாடு திரும்பினால் பார்க்க வந்தவனும் ஓடித்தான் ஆக வேண்டும், மேடு பள்ளத்தில் சட்டென்று வெட்டித் திரும்பி ஓடுவதுதான் அந்த கிராஃப்டுக்கு இப்போது ஆகவே ஆகாத காரியம். பழனிப் பாதயாத்திரையும் இந்த வருஷம் வேண்டாம், முருகன் கோவித்துக்கொள்ள மாட்டார். நடை நல்லதுதான், ஆனால் நாள் முழுக்க தார் ரோட்டில் நடந்தால் முட்டியில் நீர் கோக்கும், நீர் கோத்தால் தசை வேலை செய்யாது.

தசை வேலை செய்யாது என்பதை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முட்டிக்குள் வீக்கம் இருந்தால் முன்தொடைத் தசைக்குப் போக வேண்டிய கட்டளையை நரம்பு மண்டலமே தணித்துவிடும். நீங்கள் முழுப் பலத்தோடு இறுக்குவதாக நினைப்பீர்கள், பாதித் தசைதான் எழுந்திருக்கும். ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தொடை சூம்பிப் போவதற்குப் படுத்தே கிடந்தது ஒரு காரணம், இந்தத் தணிப்பு இன்னொரு காரணம். இதனால்தான் "ரெஸ்ட் எடு, தானாகச் சரியாகும்" என்பது நடக்காத காரியம். தானாக வருவது நடைதான். முன்தொடைப் பலம் தானாக வராது. ஒரு வருஷம் கழித்தும் ஒரு தொடை மட்டும் சின்னதாக, படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுபவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆபரேஷன் கச்சிதமாக நடந்திருக்கும், அதற்குப் பின்னால் செய்ய வேண்டிய வேலையை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

ஜிம்முக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒன்று பாருங்கள். வளவுத் தரையில், பாய் கூட இல்லாமல், ஆத்தங்குடிக் கல் மேல் இரண்டு காலையும் நீட்டி உட்காருங்கள். நல்ல காலின் முட்டிக்குப் பின்புறம் தரையைத் தொடுகிறதா என்று கையை விட்டுப் பாருங்கள், பிறகு ஆபரேஷன் ஆன கால். அங்கே விரல்கள் தாராளமாக நுழைந்தால் முட்டி முழுசாக நீளவில்லை. அடுத்து முன்தொடையை இறுக்கி முட்டியைத் தரையோடு அழுத்துங்கள். நல்ல காலில் குதிகால் லேசாகத் தூக்கும், முட்டிச் சில்லு மேலே ஏறும். அடிபட்ட காலிலும் அதே அளவு நடக்கிறதா? நடக்கவில்லை என்றால் ஜிம்மைவிட இதுதான் முதல் வேலை. குதிகாலுக்கு அடியில் மட்டும் மடித்த துண்டை வைத்து முட்டியைத் தொங்கவிடுங்கள், பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. அப்பத்தா பாசத்தில் முட்டிக்கு அடியில் தலையணை வைக்க வருவார், அதை மட்டும் எடுத்துவிடுங்கள், மடக்கியே வைத்துப் பழகினால் முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிப் போகும். பத்து வாரத்திலும் முழுசாக நீளவில்லை, நீட்டும்போது முன்னால் ஏதோ தடுக்கிற மாதிரி இருக்கிறது என்றால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டுங்கள். கிராஃப்டுக்கு முன்னால் தழும்புக் கட்டி வளர்ந்து நின்றால் பயிற்சியால் போகாது.

அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் படியுங்கள். முட்டி எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸைத் தைத்திருக்கிறார்களா, வெட்டி எடுத்திருக்கிறார்களா, தொடவே இல்லையா என்று அதில் இருக்கும். நம் ஊரில் ஏசிஎல், மெனிஸ்கஸ் இரண்டையும் ஜவ்வு என்றே சொல்லிவிடுவதால் பலருக்குத் தங்களுக்கு என்ன நடந்தது என்றே தெரிவதில்லை. தைத்திருந்தால் பளுவோடு 90 டிகிரிக்குக் கீழே உட்கார்வது, சம்மணம் போட்டு முறுக்குவது, குத்துக்காலிடுவது எல்லாவற்றுக்கும் டாக்டர் தனிக் கெடு கொடுத்திருப்பார், நான் கீழே சொல்வதைவிட அந்தக் கெடுதான் பெரிது. மெனிஸ்கஸில் கை வைக்கவில்லை என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

ஜிம்மில் என்ன செய்வது? வாரத்துக்கு மூன்று நாள் போதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். சைக்கிளில் பத்து நிமிஷம். அதன் பிறகு பலகையைக் காலால் தள்ளும் லெக் பிரஸ், ஒற்றைக் காலில். இரண்டு காலையும் சேர்த்து வைத்தால் நல்ல கால் திருட்டுத்தனமாக வேலையை எடுத்துக்கொள்ளும், உங்களுக்கே தெரியாது. ஸ்குவாட்டிலும் அப்படித்தான், கண்ணாடியில் நேராகத் தெரியும், எடை எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எட்டு முதல் பன்னிரண்டு தடவை, மூன்று செட், கடைசி இரண்டு தடவை சிரமப்பட்டு வர வேண்டும். பன்னிரண்டு சுலபமாக வந்துவிட்டால் அடுத்த முறை எடையை ஏற்றுங்கள். இதைத்தான் நம் ஆட்கள் செய்வதில்லை. கணுக்காலில் ஒரு கிலோ மணல் பையைக் கட்டிக்கொண்டு மாசக்கணக்கில் காலைத் தூக்கி இறக்குவார்கள். 70 கிலோ உடம்பை ஒற்றைக் காலில் நிறுத்தித் திருப்ப வேண்டிய தொடைக்கு ஒரு கிலோ எதற்குக் காணும்?

லெக் எக்ஸ்டென்ஷன் விவகாரம். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு: உட்கார்ந்து காலை நீட்டும்போது கடைசிப் பகுதியில், அதாவது கால் நேராகப் போகும் இடத்தில், முன்தொடைத் தசை கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுக்கும், கிராஃப்ட் அதைத் தாங்க வேண்டும். அதனால் ஒரு காலத்தில் மொத்தமாகத் தடை போட்டார்கள். இப்போது பல வழிகாட்டுதல்கள் நாலாவது வாரத்திலிருந்தே 90 முதல் 45 டிகிரிக்குள் செய்யலாம் என்கின்றன. கால் தொங்கும் நிலையிலிருந்து பாதி தூரம் தூக்கி இறக்குவது, அவ்வளவுதான். உங்களுக்குப் பின்தொடைத் தசைநார் கிராஃப்ட் என்பதால் பன்னிரண்டாவது வாரம் வரை மெஷினில் மிகக் குறைந்த எடை, பாதித் தூரம். அதன் பிறகு எடையையும் தூரத்தையும் சேர்த்து ஏற்றாமல் ஒன்று மாற்றி ஒன்றாக ஏற்றுங்கள். இதை விட்டுவிட்டு ஸ்குவாட்டை மட்டும் நம்பினால் இடுப்பும் பிட்டமும் பலமாகும், முன்தொடை பின்தங்கியே இருக்கும், அது வெளியே தெரியாமலும் இருக்கும்.

பின்தொடையைப் பொறுமையாகப் பாருங்கள், அங்கிருந்துதானே தசைநாரை எடுத்திருக்கிறார்கள். முதலில் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில். பிறகு லேசான எடையோடு ருமேனியன் டெட்லிஃப்ட், அதாவது முட்டியை லேசாக மட்டும் மடக்கி இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது. காலைப் பின்னால் மடக்கி இழுக்கும் லெக் கர்ல் மெஷின் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு, பூ மாதிரி ஆரம்பித்தால் போதும். பின்தொடையில் சுரீரென்று இழுத்தால் அன்றைக்கு அதை நிறுத்துங்கள். கெண்டைக்காலுக்கு ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது. நல்ல காலையும் விடாதீர்கள், அதுவும் இந்தப் பத்து வாரத்தில் இளைத்துத்தான் இருக்கிறது.

எவ்வளவு வலி வரலாம் என்று கேட்பீர்கள். பத்துக்கு இரண்டு, மூன்று வரை பரவாயில்லை. எனக்கு வலியைவிட வீக்கம்தான் முக்கியம். தையல்காரர் டேப் ஒன்று வாங்கி, காலையில் எழுந்ததும் படுத்த நிலையில், முட்டிச் சில்லின் நடுவில் சுற்றி அளந்து குறித்து வையுங்கள். ஜிம் போன மறுநாள் காலை ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தால் முந்தின நாள் அதிகம், அடுத்த முறை குறைக்க வேண்டும். கூடவில்லை என்றால் ஏற்றலாம். இதைவிட நேர்மையான கோச் கிடைக்க மாட்டார்.

ஜிம் போக முடியாத நாளில் வீட்டு முகப்புப் படி போதும். செட்டிநாட்டு வீடுகளில் அடித்தளம் உயரம் என்பதால் படிக்குப் பஞ்சமில்லை. கீழ்ப்படியில் அடிபட்ட காலை வைத்து நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும் வரை மெதுவாக, மூன்று எண்ணி இறங்கி, மறுபடி ஏறுங்கள். எதிரே போனை வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். முட்டி உள்பக்கம் சரிகிறதா, இடுப்பு ஒரு பக்கம் தொங்குகிறதா, கடைசியில் பொத்தென்று விழுகிறீர்களா? பொத்தென்று விழுந்தால் படியின் உயரம் இப்போதைக்கு அதிகம், பலகையோ தட்டைக் கல்லோ போட்டு உயரத்தைக் குறையுங்கள். குன்றக்குடி மலைப்படி ஏறி இறங்கிக் காலைத் தேற்றுகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். ஏறுவதில் பிரச்சினை இல்லை, அத்தனை படியும் களைத்த தொடையோடு இறங்க வேண்டுமே, அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஈரமான ஆத்தங்குடிக் கல்லில் மட்டும் பார்த்து நடங்கள், வழுக்கல் இப்போது நமக்குக் கட்டுப்படியாகாது.

சாப்பாடு. ஆட்டுக்கால் சூப் குடித்தால் ஜவ்வு வளரும் என்று வீட்டில் தினமும் வைத்துக் கொடுப்பார்கள். குடியுங்கள், மிளகு தூக்கலாகப் போட்டால் மார்கழிக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அது வயிற்றில் உடைந்து மற்றப் புரதம் மாதிரிதான் ரத்தத்தில் சேரும், நேராக முட்டிக்குப் போய் ஒட்டாது. தசை ஏற உங்கள் கணக்கு கிலோவுக்கு 1.6 கிராம், அதாவது நாளைக்கு 110 கிராம் புரதத்துக்குக் கொஞ்சம் மேல். நாலு முட்டையில் 25 கிராம், கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கோழிக்கறி எடுத்தால் 50 கிராம், அரை லிட்டர் பாலில் 16, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 வரும், மீதி சோறு பருப்பில் சேர்ந்துவிடும். கறி சாப்பிடாத நாளில் சோயா. விருந்தென்றால் இலையில் சோறுதான் மலையாக இருக்கும், கறி ஓரத்தில் இருக்கும், அந்த அளவை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

ஓட்டம் எப்போது? மூன்றரை, நாலு மாதத்தில் பேசலாம், தேதியை மட்டும் பார்த்து வேண்டாம். வீக்கம் இல்லை, முட்டி முழுசாக நீள்கிறது, லெக் எக்ஸ்டென்ஷனில் நல்ல கால் தூக்குவதில் 70 சதவீதமாவது இந்தக் கால் தூக்குகிறது, ஒற்றைக் காலில் பொத்தென்று விழாமல் உட்கார்ந்து எழ முடிகிறது. இவ்வளவும் இருந்தால் ஒரு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று நேர்க்கோட்டில் ஆரம்பிக்கலாம். குதிப்பது, நிறுத்துவது, வெட்டித் திரும்புவது எல்லாம் அதற்குப் பிறகு, அந்த வரிசையில்.

ஒன்பது மாதம் என்று ஏன் பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், நார்வேயில் 106 பேரை இரண்டு வருஷம் பின்தொடர்ந்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. வெட்டித் திரும்பும் ஆட்டங்களுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடப் போட, முட்டி மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பலச் சோதனை, குதிக்கும் சோதனை எல்லாம் தேறித் திரும்பியவர்களில் 5.6 சதவீதம் பேருக்கு மறுபடி அடி, தேறாமல் திரும்பியவர்களில் 38.2 சதவீதம். உங்கள் வயதுதான் எனக்குக் கூடுதல் கவலை: 25-க்குக் கீழே இருந்து ஆட்டத்துக்குத் திரும்புபவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு அதே காலிலோ மற்றக் காலிலோ ஏசிஎல் மறுபடி போகிறது. பெரிய ஆட்டக்காரர்கள் ஆறு மாதத்தில் வந்துவிடுகிறார்களே என்று நண்பர்கள் சொல்வார்கள். ரிஷப் பந்த் 2022 டிசம்பர் 30-ல் விபத்தில் அடிபட்டு, ஐபிஎல்லில் இறங்கியது 2024 மார்ச்சில். அவருக்குப் போனது ஒரு ஜவ்வு மட்டும் இல்லை, காயம் பெரிது, சரி. ஆனால் நாள் முழுக்கக் கூடவே ஆள் வைத்துப் பார்த்தும் அத்தனை மாதம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆடியில் செய்ய வேண்டிய சோதனை: ஒற்றைக் காலில் லெக் எக்ஸ்டென்ஷனில் எவ்வளவு, ஒரு குதியில் எவ்வளவு தூரம், மூன்று குதியில் எவ்வளவு, நின்ற இடத்திலிருந்து ஒற்றைக் காலில் எவ்வளவு உயரம். எல்லாவற்றிலும் நல்ல காலில் 90 சதவீதமாவது வர வேண்டும். தூரக் குதியை மட்டும் நம்பாதீர்கள், இடுப்பையும் கணுக்காலையும் வைத்து ஏமாற்றித் தாண்டிவிடலாம். உயரக் குதியில்தான் முட்டியின் குட்டு வெளிப்படும். லெக் பிரஸ் எடையை வேறொரு ஜிம்மில் போய் ஒப்பிடாதீர்கள், மெஷினின் சாய்வு மாறினால் கணக்கும் மாறும்.

தேறினாலும் நேரே மேட்சில் இறங்க வேண்டாம். முதலில் ஆள் இல்லாமல் தனியாக ரைடு, போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டித் திரும்புவது வரை. பிறகு எதிரே ஒருவர், தொடாமல். பிறகு சொல்லிவைத்துப் பிடிக்கும் பிடி. கணுக்காலைப் பிடிக்கும் ஆங்கிள் பிடியையும் பக்கவாட்டில் வந்து மோதித் தள்ளும் டேஷையும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முட்டிக்குப் பக்கத்திலிருந்து ஆள் விழுவதை எந்தப் பயிற்சியும் முழுசாகத் தடுக்காது, அதைத் தெரிந்தே இறங்குங்கள். கடையில் விற்கும் முட்டி உறை தைரியம் கொடுக்கும், ஜவ்வைக் காப்பாற்றாது.

கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், காய்ச்சலோடு முட்டி சூடாகிச் சிவந்தால், நடக்கும்போது முட்டி நழுவினால், மடக்கி நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால் ஜிம், பிசியோ எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். கெண்டைக்கால் வீக்கத்துக்கு மட்டும் எண்ணெய் போட்டு உருவிவிட யாரையும் விடாதீர்கள், உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அது ஆபத்து.

பிசியோவுக்குத் தினமும் போகக் காசும் நேரமும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். தினமும் தேவையே இல்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை போய் அளந்து பார்த்து, அடுத்த மூன்று வாரத்துக்கு எடையும் செட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் மீதியை ஜிம்மிலும் முகப்புப் படியிலும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். போகும்போது டேப் அளவு குறித்த நோட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு எடுத்துப் போங்கள்.